எண்பத்தேழில் ஒன்று

மாம்பழப் பெட்டிப் பலகையில்
ஆணி இருந்த இடத்தைச் சுற்றி
கருநீலமாய் ஒரு கறை.
எறிய மனம் வரவில்லை.
அந்தத் துண்டுதான் கதவு.

முனிரத்தினம் மண்டியில்
உடைந்த பெட்டிகளைக் கேட்டு வாங்கினேன்.
"அடுப்புக்கா?"
"சரக்குக் கொட்டகைக்கு. ரயில் சரக்கு."
"எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டுவிட்டு
அவரே சிரித்துக்கொண்டார்.
கிருஷ்ணகிரியில் ரயில் ஏற
முதலில் பஸ் ஏற வேண்டும்,
குப்பத்துக்கோ திருப்பத்தூருக்கோ.

என் பின்னறையில் அந்தத் தொல்லை இல்லை.
ப்ளைவுட் மேல், இடுப்பு உயரத்தில்,
பதினாறரை மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம்
சலவை மெஷினைச் சுற்றிக்கொண்டு போகிறது.

ஒரு சாண் பலகை இங்கே இரண்டரை மில்லி.
ஆள் நுழையும் வாசல்
என் சுண்டுவிரலின் முதல் கணு.
தூணுக்கு ஊதுபத்திக் குச்சி.
கூரைக்கு மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள்:
சீப்பின் மேல் வைத்துத் தேய்த்தால்
வரிவரியாய்த் தகரம்.

பகலில் நான் செய்வது பல்.
பெங்களூர் ரோட்டில், மாடியில், லேப்.
பளீரென்று வெள்ளையாய் ஒன்றை வைத்தால்
வாயே காட்டிக்கொடுத்துவிடும்.
அதனால் பக்கத்துப் பல்லைப் பார்த்து
டீ, வெற்றிலை, ஐம்பது வருஷம்,
எல்லாவற்றையும் மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு வைத்து
சூளைக்கு அனுப்புவோம்.
சபீனா இதில் கைகாரி.
தாசில்தார் ஆபீஸ் கிளார்க் ஒருவருக்கு
மயிரிழை விரிசல்கூட வரைந்தாள்.
அவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"இதுல எதும்மா புதுசு?" என்றார்.

ராத்திரியும் அதே வேலைதான்.
பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார்
வினிகரில் இரண்டு நாள் ஊறும்.
பலகைக்கு முதலில் டீ,
காய்ந்ததும் அந்தத் தண்ணீர்.
நின்று பார்க்கும்போதே சாம்பல் ஏறி
அறுபது மழைக்காலம் நனைந்த மரமாகிவிடும்.
ஒரு தூறல் பட்டதில்லை அதன் மேல்.
பொய்தான்.
ஆனால் பலகைக்குப் பலகை வேறு பொய்.

பதினோரு இரவு.
கடைசியாகக் கதவை மாட்டினேன்,
தள்ளித் திறக்கும் கதவு,
குண்டூசி மேல் ஓடுகிறது.
விளக்கணைத்து, என்ஜினை விட்டேன்.
கூரை விளிம்பில் இடித்து நின்றது.

அளந்தது தப்பில்லை.
நேர்ப்பாதையில் வைத்து அளந்தேன்;
கொட்டகை வளைவில் நிற்கிறது.
வளைவில் பெட்டியின் வயிறு ஒரு பக்கம் பிதுங்கும்,
மூக்கு மறுபக்கம் நீளும்.
ஸ்கேலுக்கு அது தெரியாது.

சீவி எறியக் கத்தியை எடுத்தவன்
வைத்துவிட்டேன்.
உயரமான பல்லை நாங்கள் அப்படியா குறைப்போம்?
லேப் பையில் நீலத்தாள் இருந்தது,
கடித்துப் பார்க்கச் சொல்லும் தாள்.
விளிம்புக்கும் வண்டிக்கும் இடையில் அதைப் பிடித்து
என்ஜினை விரலால் தள்ளினேன்.
மெதுவாக. இன்னும் மெதுவாக.
கடித்தது.
நீலம் பட்ட இடத்தில் மட்டும் பர் வைத்து உரசினேன்.
இரண்டு மில்லிமீட்டர்.
பெரிய உலகத்தில் பதினேழு சென்டிமீட்டர்;
ஒரு மூட்டையின் ஓரம் நனைய அது போதும்.

நனையட்டும்.
வண்டி போய்விட்டது,
ஆறு பெட்டியும் முட்டாமல்.
மெஷினுக்குப் பின்னால் போய்த் திரும்பி வந்தது.
நான் உட்காரவே இல்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில்
சபீனாவிடம் போனைக் கொடுத்தேன்.
ஒரு கையில் ஸ்பூன், ஒரு விரலால்
படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள்.
தூணில் நிற்கவில்லை, தகரத்தில் நிற்கவில்லை.
கதவில் நின்றாள்.
"எல்லாம் பழசு. இந்தக் கறை மட்டும்
பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு."

எதுவும் சொல்லவில்லை நான்.
அந்த ஆணி
எண்பத்தேழில் ஒன்றாகச் சுருங்க மறந்துவிட்டது,
அவ்வளவுதான்.

"பிரஷ் எடுத்துட்டு வரவா?" என்றாள்.
ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.
அதுவரை கதவு திறந்தே இருக்கும்.
உள்பக்கம் தள்ளிவிட்டால்
கறை தெரிவதில்லை.